உருளைக்கிழங்குச் செடி கருகுதா? மருந்துக்கு முதல் இலையைப் பாருங்கள் (திருகோணமலை வளவுகளுக்கு)

வளவில் நட்ட உருளைக்கிழங்கு இலை கருகுது என்று யாரிடமாவது சொன்னால் உடனே வருகிற கேள்வி "என்ன மருந்து அடிச்சீங்க?" என்பதுதான். அதற்கு முதல் எந்த இலை, எந்த இடத்திலிருந்து, எத்தனை நாளில் கருகியது என்று கேட்க வேண்டும். ஒரே மாதிரித் தெரிகிற கபில நிறத்துக்குப் பின்னால் பங்கசு இருக்கலாம், பக்டீரியா இருக்கலாம், கிணற்று உப்பும் இருக்கலாம். ஒன்றுக்கு அடிக்கிற மருந்து மற்றதை ஒன்றும் செய்யாது. காசும் போய், செடியும் போய், மருந்து அடித்த மண்தான் மிஞ்சும்.

இன்னொரு விஷயம், உருளைக்கிழங்கு பற்றி நாம் கேள்விப்படுகிற ஆலோசனை பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடைக்காரருக்குச் சொன்னது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம், மார்கழி தையில்கூட இரவில் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. அதனால் அங்கே முதல் எதிரியாக இருக்கிற நோய் இங்கே கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதாக இருக்கலாம், அங்கே இரண்டாம் பட்சமானது இங்கே முழுப் பாத்தியையும் சாய்த்துவிடலாம்.

பார்க்கிற நேரம் காலை, வெயில் ஏற முதல், இலையில் பனி இருக்கும்போதே. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கீழ் இலையில் தொடங்கியதா, நுனியில் தொடங்கியதா, ஒரு செடியா எல்லாச் செடியுமா என்று கவனியுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த நாள் அதே இலையை எடுத்து ஒப்பிட்டால் பரவுகிற வேகம் தெரியும். அந்த வேகமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கீழ் இலைகளில் வட்டம் வட்டமாகக் காய்ந்த புள்ளிகள்

இது முந்திய கருகல், ஓல்டர்னேரியா சொலானி என்ற பங்கசின் வேலை. இங்கத்தைய வீட்டுத் தோட்டங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், ஏனென்றால் இதற்குப் பிடித்த வெப்பம் 24 முதல் 29 பாகை, அது அப்படியே எங்கள் மாரிகாலம். ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில் என்று இலை நனைந்தும் காய்ந்தும் இருந்தால் இதற்குக் கொண்டாட்டம்.

அடையாளம் தெளிவானது. வயதான கீழ் இலையில் கடும் கபில நிறத்தில் சின்னப் புள்ளி, பெருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும், சுற்றிலும் மஞ்சள் படரும். புள்ளி இலை நரம்பில் முட்டி நிற்பதால் வட்டமாக இல்லாமல் மூலை வைத்தது போலவும் இருக்கும். தொட்டால் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், ஈரக்கசிவு இருக்காது. பெரும்பாலும் பூக்கிற பருவத்துக்குப் பிறகு, செடி தன் பலத்தைக் கிழங்குக்கு இறக்கத் தொடங்கும்போது வரும். பசளை குறைந்த செடி, தண்ணீர் ஒரு நாள் கிடைத்து மூன்று நாள் கிடைக்காத செடி, பூச்சி கடித்த செடி, இவைதான் முதலில் விழும். அதனால் மருந்தைவிட முதல் வைத்தியம் பராமரிப்பு.

பாதித்த கீழ் இலைகளைக் காய்ந்த நேரத்தில் கிள்ளி ஒரு பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள், ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கையை விட்டால் பங்கசு பரவுகிற தூளான வித்திகளை நீங்களே பரப்புவீர்கள். தண்ணீரை பூவாளியால் தலையில் ஊற்றாமல் அடியில், காலையில் ஊற்றுங்கள். மண்ணிலிருந்து மழைத்துளி தெறித்துத்தான் கீழ் இலைக்கு இந்தப் பங்கசு ஏறுகிறது, ஆகவே வைக்கோல் மூடாக்கு நன்றாக உதவும். கந்தளாய், தம்பலகாமப் பக்கம் வயல் இருப்பவர்களிடம் கேட்டால் ஒரு கட்டு வைக்கோல் கிடைக்காமல் போகாது. செடி மெலிந்து மஞ்சளித்திருந்தால் ஒரு சிறு அளவு மேற்பசளை கொடுங்கள், மக்கிய மாட்டெருவும் சரி. அள்ளிக் கொட்டினால் இலைதான் காடாகும், கிழங்கு வராது.

இதெல்லாம் செய்தும் புள்ளிகள் நடு இலைகளுக்கு ஏறினால் மான்கோசெப் போன்ற தடுப்புப் பங்கசுநாசினி அடிக்கலாம். தடுப்பு என்பதைக் கவனியுங்கள், புள்ளி விழுந்த இலையை அது பழையபடி ஆக்காது, விழாத இலைக்கு மேல் ஒரு கவசமாக நிற்கும், அவ்வளவுதான். பலத்த மழை பெய்தால் கவசம் கழுவுப்படும், மறுபடி அடிக்க வேண்டும். அளவையும் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் பொதியில் இருக்கிறபடியே பின்பற்றுங்கள். நான்கு செடிக்குக் கண்ணால் அளந்து போடுவது வேண்டாம், சமையலறைத் தராசில் மருந்து நிறுப்பதும் வேண்டவே வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய அளவுக் கரண்டியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

இலை நுனியில், ஓரத்தில் ஈரம் ஊறியது போலக் கறுத்து, ஓரிரு நாளில் பெருகுது

இதுதான் எல்லாரும் பயப்படுகிற பிந்திய கருகல். பிந்திய வெளிறல் என்றும் சொல்வார்கள். பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்ற இந்த உயிரி உண்மையான பங்கசு இல்லை, பாசிகளுக்கு நெருங்கிய உறவு. 1845இலிருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, பின் வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் சாகக் காரணமானது இதுவே. ஆகவே பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதற்குக் குளிரும் தொடர்ந்த ஈரமும் வேண்டும். 15 முதல் 22 பாகை வரைதான் சுகம், 30 பாகைக்கு மேல் போனால் அடங்கிவிடும். எங்களிடம் இதற்கு வாய்ப்பான நாட்கள் என்றால் கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்து நாலைந்து நாள் சூரியனே தெரியாமல், வாடைக்காற்றோடு தூறிக்கொண்டே இருக்கிற நாட்கள். அப்போது மட்டும் இதை நினையுங்கள். மலைநாட்டிலிருந்து வந்த விதைக்கிழங்கை நட்டிருந்தால் கொஞ்சம் கூடவே நினையுங்கள், ஏனென்றால் நோய் கிழங்குக்குள் ஒளிந்து பயணம் செய்யும்.

இலையில் கறுப்புத் திட்டின் விளிம்பில் வெளிர்பச்சை வளையம் இருக்கும், திட்டு நரம்பைத் தாண்டிப் போகும், காலையில் அடிப்பக்கம் பார்த்தால் அந்த விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். தண்டிலும் கறுப்பு நீளமாக ஓடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பரிசோதனை: பாதித்த ஒரு இலையை எடுத்து, ஈரமான காகிதத் துணியோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வீட்டில் குளிர்ச்சியான நிழல் மூலையில் ஒரு இரவு வையுங்கள். விடிய அடிப்பக்கம் வெள்ளை பூத்திருந்தால் அனேகமாக இதுதான். பூக்காவிட்டால் இல்லவே இல்லை என்று முடிவெடுக்க முடியாது, அறையே சூடாக இருந்திருக்கலாம், மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பாருங்கள்.

இதுதான் என்று தெரிந்தால் தயங்க நேரம் இல்லை. வாய்ப்பான வானிலையில் ஒரு வாரத்துக்குள் பாத்தி முழுக்க முடித்துவிடும், காற்றில் பக்கத்து வளவுத் தக்காளிக்கும் போகும், தக்காளியும் இதற்கு இரை. ஒன்றிரண்டு செடியில் மட்டும் என்றால் செடியையே பிடுங்கிப் பையில் கட்டுங்கள். பரவலாக இருந்து, கிழங்கு ஓரளவு திரண்ட பருவம் என்றால், மேற்செடி முழுவதையும் மண்ணோடு ஒட்ட வெட்டி அகற்றுங்கள், கிழங்கை உடனே கிண்டாமல் இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விடுங்கள். அதற்குள் கிழங்கின் தோல் இறுகும், மேல் மண்ணில் விழுந்த வித்திகளும் சாகும். உடனே கிண்டினால் அந்த வித்திகளைக் கிழங்கில் பூசி எடுத்துவருவது போலாகும். இடைப்பட்ட நாட்களில் மழைத் தண்ணீர் தேங்காமல் வெட்டிவிடுங்கள்.

மருந்தில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மெட்டலக்சில் கலந்த மருந்துகளில் அந்த மெட்டலக்சில் வேலை செய்வது பிந்திய கருகல் வகைகளுக்கு மட்டும், முந்திய கருகலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் "கருகலுக்கு நல்லது" என்று கூடுதல் விலைக்கு எடுத்துத் தந்தால் எந்தக் கருகலுக்கு என்று கேளுங்கள்.

நோய் வர முதல், வானம் மூட்டம் கட்டுகிற நாளில் போடக்கூடிய பழைய தடுப்பு ஒன்று போர்டோக் கலவை. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் தண்ணீரில் கரையுங்கள், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 5 லீற்றரில் கரைத்து வடித்து, இரண்டையும் சேர்த்துக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், உலோகப் பாத்திரம் கூடாது. துருவில்லாத ஒரு இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் கலவையில் நனைத்துப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். அன்றைக்கே அடித்து முடியுங்கள், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. உச்சி வெயிலில் அடிக்கவும் கூடாது.

இலை பச்சையாகவே இருக்கு, ஆனால் செடி திடீரென்று தொங்குது

இதை நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மிகவும் பொருந்துகிற நோய் இதுதான். பக்டீரியா வாடல். மத்தியானம் ஒரு கிளை தொங்கும், பின்னேரம் நிமிரும், "வெயிலுக்கு வாடியிருக்கும்" என்று நாம் தண்ணீர் ஊற்றுவோம், இரண்டு மூன்று நாளில் செடி முழுக்க நிமிராமலே போய்விடும். இலையில் புள்ளி இல்லை, கருகல் இல்லை. கடைசியில் காய்ந்து கபிலமான பிறகு வந்து பார்ப்பவருக்கு அது கருகல் மாதிரித் தெரியும், அங்கேதான் தவறான மருந்து தொடங்குகிறது.

உறுதிப்படுத்த ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். தொங்கிய செடியின் தண்டை அடிப்பக்கம் ஒரு சாண் அளவு வெட்டி, வெட்டுவாய் தண்ணீருக்குள் தொடும்படி பிடித்து, ஆட்டாமல் வையுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் ரால்ஸ்டோனியா என்ற பக்டீரியாதான், வேறு சந்தேகம் வேண்டாம். கிழங்கை வெட்டினால் உள்ளே ஒரு கபில வளையம் ஓடும், அமுக்கினால் அதிலிருந்து கலங்கிய பசை கசியும். சில கிழங்கில் கண்களிலேயே பசை வடிந்து மண் ஒட்டிக் கட்டியாக இருக்கும்.

இதற்கு மருந்து இல்லை. எந்தப் பங்கசுநாசினியும் கேட்காது, வேப்பெண்ணெயும் கேட்காது, சாம்பலும் கேட்காது. யாராவது இருக்கிறது என்று விற்றால் வாங்காதீர்கள். செய்யக்கூடியது மற்றச் செடிகளைக் காப்பாற்றுவது. வாடிய செடியை வேர், கிழங்கு, சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்து, கூட்டெருக் குழியில் போடாமல் எரியுங்கள் அல்லது வளவின் ஒதுக்குப்புறத்தில், கிணற்றுக்குத் தூரத்தில் ஆழப் புதையுங்கள். அந்தப் பாத்தியிலிருந்து தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் மறியுங்கள், இந்தப் பக்டீரியா தண்ணீரோடுதான் நடக்கிறது. மண்வெட்டி, கத்தி, செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள், கத்தியைக் கொதிநீரில் போட்டோ நெருப்பில் காட்டியோ எடுங்கள்.

அப்புறம் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு மட்டுமல்ல, தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், எல்லாம் இதற்குச் சாப்பாடு. குறைந்தது இரண்டு மூன்று வருடம் சோளம், வெங்காயம் என்று மாற்றுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணலில் சின்ன வெங்காயம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று உங்களுக்கே தெரியும், அந்த இடத்துக்கு அதைவிட நல்ல பயிர் இல்லை. களையாக நிற்கிற மணத்தக்காளியையும் பிடுங்க வேண்டும், அதுவும் இதே குடும்பம், யாரும் கவனிக்காமல் நோயைச் சுமந்துகொண்டு நிற்கும்.

இது வீட்டுக்குள் வருகிற பெரிய வழி, முளை விட்டதே என்று சமையல் கிழங்கை எடுத்து நடுவது. கடைக் கிழங்கு எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. வெளியே பார்க்க அழகாக இருக்கிற கிழங்கே பக்டீரியாவைக் கொண்டுவரும். சான்று பெற்ற விதைக்கிழங்கு கிடைத்தால் மட்டும் நடுங்கள், முட்டையளவுக் கிழங்காகப் பார்த்து வெட்டாமல் முழுதாக நடுவது எங்கள் ஈரச் சூட்டுக்கு இன்னும் நல்லது.

இலை ஓரம் மட்டும் காய்ந்து சுருளுது, எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி

நோய் ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். எல்லாச் செடியும் ஒரே நாளில் ஒரே மாதிரிக் காட்டினால் தண்ணீரையோ காற்றையோ சந்தேகப்படுங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று கடற்கரை ஓரமாக இருப்பவர்கள் முதலில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு உப்பைப் பெரிதாகத் தாங்காது. கரித்தால் மழைநீர் சேர்த்தோ குழாய் நீரிலோ வளருங்கள். சாக்கில் நட்டிருந்தால் நல்ல நீரால் அடியில் ஓடி வெளியேறும் வரை இரண்டு மூன்று தடவை கழுவிவிடுங்கள். பங்குனிக்குப் பிறகும் செடி நின்றால் வெயிலே ஓரங்களைக் காய வைக்கும், கச்சான் காற்று தொடங்கினால் கேட்கவே வேண்டாம், அதற்கு மருந்து இல்லை, அந்தப் பருவத்தில் உருளைக்கிழங்கு நிற்கவே கூடாது.

தண்டின் அடி அழுகி, வெள்ளை நூலும் சின்ன உருண்டைகளும்

மண்ணோடு ஒட்டிய இடத்தில் வெள்ளை இழைகளும் கடுகு போலக் கபில உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளரோசியம் என்ற மண் பங்கசு, சூடும் ஈரமும் சேர்ந்தால் வரும். உருண்டைகள் உதிர முதல் செடியை மேல் மண்ணோடு சேர்த்து அள்ளி எடுத்துவிடுங்கள். மக்காத எரு, மக்காத இலைக்குப்பை போட்ட இடத்தில் கூடுதலாக வரும். வெள்ளை இல்லாமல் தண்டு கறுத்து, வழுவழுத்து, நாறினால் அது பக்டீரியா அழுகல், நீர் தேங்கியதன் விளைவு. சாக்கின் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

இலை சுருண்டு, குறுகி, தேமல் விழுந்து

வைரசும் பூச்சியும். அடிப்பக்கம் வெண்ஈ, அழுக்கணவன் இருக்கிறதா பாருங்கள். அடிப்பக்கம் செப்பு நிறமாக மினுங்கினால் சிற்றுண்ணி. பங்கசுநாசினி இதற்கு வேண்டாம். குன்றிப்போன செடியைப் பிடுங்குங்கள், அதன் கிழங்கை அடுத்த வருட விதைக்கு வைக்காதீர்கள்.

செடி அடியிலிருந்து மஞ்சளித்துச் சாயுது, நட்டு மூன்று மாதமாச்சு

ஒன்றும் செய்ய வேண்டாம். கிரனோலா போன்ற இனத்துக்கு 90 நாள் வாழ்வுதான், வயது முடிந்து காய்கிறது. தண்ணீரைக் குறைத்து, மேற்செடி காய்ந்து பத்து நாள் அளவில் கிண்டுங்கள்.

நோயே இல்லை, இலை காடு மாதிரி, கிண்டினால் கோலிக்குண்டளவுக் கிழங்கு

இதையும் நோய் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிழங்கு வைக்க இந்தச் செடிக்கு 15 முதல் 20 பாகை வரையான இரவு பிடிக்கும், எங்களிடம் அது கிடையாது. ஆகவே இருப்பதில் குளிர்ச்சியான தை, மாசியில் கிழங்கு திரளும்படி கார்த்திகைக் கடைசி அல்லது மார்கழி முற்பாதியில் நடுங்கள், யாழ்ப்பாணத்தில் நடுவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். மூடாக்கு மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கும். நுவரெலியாக்காரர் கிண்டுகிற அளவு வராது, ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு கறிக்குப் புதுக்கிழங்கு வரும், அதன் ருசியே வேறு.

கிண்டிய பிறகு கிழங்கில் தெரிகிறவை

தோலுக்குக் கீழே செங்கபிலமாக, உலர்ந்த துகள் துகளாக ஓடினால் பிந்திய கருகல், அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறிந்து மீதியை அன்றைக்கே சமைக்கலாம், சேமிக்க வைக்காதீர்கள். பசை வடிந்தால் பக்டீரியா வாடல், நாறினால் அழுகல், இரண்டையும் மற்றக் கிழங்குகளோடு கலக்காதீர்கள். பச்சை நிறம் நோயில்லை, வெயில் பட்டது, ஆனால் சொலனின் என்ற நச்சு கூடியிருக்கும், சாப்பிட வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மண் அணைத்திருந்தால் கிழங்கு வெளியே தெரிந்திருக்காது, மேலிருந்து கழுவி வருகிற வித்திகளும் கிழங்கைத் தொட்டிருக்காது.

பாத்தியும் சாக்கு மண்ணும் அடுத்த மாரிக்கு முதல் சுத்தமாக வேண்டும். எங்கள் ஆனி, ஆடி வெயிலை அதற்குப் பயன்படுத்துங்கள்: மண்ணை நன்றாகக் கொத்தி, நனைத்து, நிறமில்லாத பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, 4 முதல் 6 வாரம் விடுங்கள். ஸ்கிளரோசியம் போன்ற பங்கசுகள் மேல் மண்ணில் நன்றாகக் குறையும். பக்டீரியா வாடலை இது முழுதாக அழிக்காது, ஆகவே பயிர்மாற்றத்தை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது. அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். போகும்போது ஒரு காய்ந்த இலையை மட்டும் கொண்டுபோகாமல், பாதி பாதித்த இலை, வேரோடு ஒரு தண்டு, ஒரு கிழங்கு, இவற்றைத் தனித்தனிப் பையில் கட்டிக் கொண்டுபோங்கள், விதைக்கிழங்கு எங்கே வாங்கியது, எப்போது நட்டது, கடைசியாக என்ன அடித்தது என்பதையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.